கன்று பிரியும் பருவம்

காலையில் அவன் தன் கையாலேயே தொட்டிச் செடிக்குள் பஞ்சை விட்டு, இலைகளின் நடுக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஒற்றியெடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் மகளைக் கீழ்வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு மாடியேறி, ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு, கண்ணாடித் தடுப்பு போட்ட பின்பால்கனியின் கதவைத் திறந்தபோது குழி மறுபடி விளிம்பு வரை நிறைந்திருந்தது. வெளியே நாள் முழுவதும் மழை. ஆனால் உள்ளே வர அதற்கு வழியில்லை. ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன, கூரையில் ஒழுகல் இல்லை, தரையில் தூசி உலர்ந்து கிடந்தது. அவன் குனிந்து விரலை விட்டான். உடனே வெளியே இழுத்துக்கொண்டான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீரைப் போல.

அவன் அலறவில்லை. மனைவி போன நாளிலிருந்து அலறுகிற இடம் அவனுக்குள் மரத்துக் கிடந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளுடைய அக்காவுக்கு மறுபடி போன் போட்டான்.

"எங்க வந்துட்டு இருக்கீங்க அண்ணி?"

"பாலத்துக்கிட்ட நிக்கிறேன் தம்பி. மழைக்கு எல்லா வண்டியும் ரோட்டுலதான் நிக்குது. காலையில எழுப்பி, இன்னைக்கே வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கன்னா நான் என்ன பறந்தா வருவேன்? சிட்டு ரெடியா?"

"ரெடியாயிடுவா. இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க."

"ஏன், இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாதா?"

அவன் போனை வைத்துவிட்டு மறுபடி செடியைப் பார்த்தான். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். இந்த இனத்தில் பல, வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வெளிச்சம் போன பிறகு திறக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் அவன். அந்தத் திறப்புக்குச் சத்தம் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாளாக, விளக்குப் போடும் நேரமானால் பின்பால்கனியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கடைத்துப்போன ஒருவர் வாய் வழியாக நிதானமாக மூச்சை இழுக்கிற மாதிரி. இழுப்பது மட்டும் கேட்கும். விடுவது கேட்காது.

அவனும் மனைவியும் ஒரே தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில் வேலை பார்த்தவர்கள். அவள் ஆராய்ச்சி செய்தாள். அவன் கன்று பிரித்து, தொட்டி மாற்றி, தண்ணீர் விட்டான். அவளுடைய ஆராய்ச்சி எல்லாம் அன்னாசிப்பழத்தின் சொந்தக்காரச் செடிகளைப் பற்றி. புரோமிலியாட் என்று பெயர். அந்தக் குடும்பக் கதையை அவள் எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

"மண்ணு இல்லையா, மரத்து மேல ஏறி உக்காந்துக்கும். வேரால சாப்பிட முடியலையா, வேரைப் பிடிச்சுக்கிறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டு இலையால சாப்பிடும். மழை இல்லையா, பனியைக் குடிக்கும். மத்ததெல்லாம் செத்துப்போற இடத்துல இது புதுசா ஒரு வகையா மாறி நிக்கும். ஒரே குடும்பம், ஆயிரக்கணக்குல வேஷம்."

"உங்க அக்கா மாதிரி. எந்த வீட்டுக்குப் போனாலும் சமையல்கட்டைப் பிடிச்சுக்குவாங்க."

"சொல்றேன் இரு, அவகிட்ட."

பின்பால்கனியில் இருந்தது அவள் ஒரு சுண்டுவிரல் நீளத்தில் கொண்டுவந்து வளர்த்த செடி. எந்த வகை என்று அவளாலேயே தீர்மானிக்க முடியவில்லை. வாள் போன்ற நீண்ட இலைகள் அடியில் ஒன்றையொன்று இறுகக் கவ்வி, நடுவில் ஒரு கிண்ணத்தை உண்டாக்கியிருந்தன. காட்டில் இந்த மாதிரிக் கிண்ணங்களில் தவளைகள் தலைப்பிரட்டைகளை வளர்க்கும், கொசுப்புழு நெளியும், உதிர்ந்த இலையும் செத்த எறும்பும் ஊறிக் கரையும். அந்தச் சாற்றைத்தான் இலை உறிஞ்சும். மடியில் விழுவதைத் தின்று வாழும் செடி.

நோய் முற்றியதும் அவள் கட்டிலைப் பின்பால்கனிக்கு மாற்றச் சொன்னாள். மருந்தின் வேகத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதை அவள் சுருட்டிச் சுருட்டிச் செடியின் குழிக்குள் போட்டாள்.

"என்ன பண்றே?"

"குப்பையில எதுக்குப் போடணும்? இவளுக்கு விருந்து."

அப்போது இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு சாயங்காலம், சிரிக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவளை மட்டும் பூக்க விட்டுடாதே. பூத்தா முடிஞ்சுது."

அதில் புதிர் ஒன்றும் இல்லை. வாழையைப் போலத்தான் இதுவும். ஒரே ஒருமுறை பூக்கும். பூத்தபின் தாய்ச்செடி தன்னிடம் இருப்பதை எல்லாம் பக்கத்தில் விடும் கன்றுக்கு ஊட்டி ஊட்டி, தான் காய்ந்து போகும். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டு அறுத்தால் கன்று சாகும். அவன் வேலையில் கற்ற முதல் பாடம் அது.

அவள் போனபின் அந்தச் செடியைப் பார்க்க அவனால் முடியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. தண்ணீர் விடுவதை நிறுத்தினான். அது வாடவில்லை. கடைசியில், கண்ணாடி வீட்டில் திருவிழாக் கண்காட்சிகளுக்குச் செய்வதை வீட்டில் செய்தான். நன்றாகப் பழுத்த ஆப்பிள் ஒன்றை இலைகளுக்கிடையில் வைத்து, செடி முழுவதையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினான். பழுத்த பழம் விடும் வாயு போதும். பூக்காத செடியும் பூத்துத்தான் ஆக வேண்டும். அறுத்தால் கொலை. பூத்துச் செத்தால் ஆயுள் முடிந்தது. அவன் மனம் அப்படிக் கணக்குப் போட்டது.

பூத்தது. ரத்தச் சிவப்பில் ஒரு தண்டு, அதில் ஊதாப் பூக்கள். பூக்கள் உதிர்ந்ததும் வெளி இலைகள் பழுத்துச் சருகாயின. எல்லாம் முறைப்படி. ஒன்று மட்டும் முறை தப்பியது. அடியில் கன்றே இல்லை. தினமும் இலையை விலக்கித் தேடினான். இல்லை. தாய் வற்றிக்கொண்டே இருந்தது. வற்றியது எங்கே போகிறது?

கண்ணாடி வீட்டில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பைப்புக்காரரிடம் அன்று மதியம் கேட்டான். அவர் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கன்னு எங்க போச்சா? உன் சமையலுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியிருக்கும்யா."

அவன் சிரிக்க முயன்றான். மகள் காலையிலும் சாப்பிடவில்லை, நேற்றும் சாப்பிடவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கூடத்தில் சிட்டு தரையில் சம்மணமிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் வகுப்புப் படிக்கிற பெண் அவ்வளவு அசையாமல் உட்காரக் கூடாது. அவன் அவளுடைய பையைத் திறந்தான். டப்பாவில் வைத்த ரொட்டி வைத்தபடியே இருந்தது.

"ஏன் சாப்பிடல சிட்டு?"

"பசிக்கல."

"ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல நீ."

"சாப்பிட்டேனே."

"எங்க சாப்பிட்டே?"

அவள் திரும்பாமலே கட்டைவிரலைத் தோளுக்கு மேல் நீட்டிப் பின்பால்கனியைக் காட்டினாள்.

பட்டினி கிடக்கிற பிள்ளைக்குக் கன்னம் ஒட்டியிருக்க வேண்டும். இவளுக்கு உப்பி, மினுமினுவென்று இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பச்சை இலையைக் கசக்கிய வாசனை.

"நீயா அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துறே?"

"நான் ஊத்தலப்பா. அதுதான் எனக்கு ஊத்துது."

வெளியே யாரோ வண்டியில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்கள். அண்ணி இல்லை. அவன் எழுந்து, அவளுடைய துணிகளைப் பெட்டியில் திணித்தான். இந்த வீட்டை விட்டு அவள் வெளியேறினால் போதும். வேறு எதுவும் இப்போது முக்கியம் இல்லை. அண்ணி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், வெளிச்சம் இருக்கிறது, ஒரு செடி கூடக் கிடையாது. மனைவியைக் காப்பாற்ற அவனால் முடியவில்லை. இவளையாவது.

"கையை நீட்டு. முகம் கை கழுவிக்கலாம். யாரு இவ்வளவு பவுடர் போட்டது?"

"யாரும் போடல."

முழங்கையிலிருந்து விரல் வரை மெல்லிய வெண்ணிறப் பூச்சு. அவன் துண்டை நனைத்துப் பிழிந்து, ஒரு கையைத் துடைத்தான். பூச்சு போகவில்லை. ஈரம் பட்ட இடத்தில் கண்ணாடி போலத் தெளிந்தது. தெளிந்த இடத்துக்கு அடியில் பச்சை.

அவன் கை நின்றது.

காற்றில் தொங்கி வாழும் புரோமிலியாட்களின் இலை மேல் இப்படித்தான் நுண்ணிய செதில்கள் படர்ந்திருக்கும். உலர்ந்திருந்தால் சாம்பல் வெள்ளை. நனைந்தால் ஒளி ஊடுருவி அடியில் உள்ள பச்சை தெரியும். தண்ணீரை உறிஞ்சும் வாய்கள் அவை. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு அவனே எத்தனையோ முறை இலையை நனைத்துக் காட்டியிருக்கிறான். அவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

அவள் கை மெதுவாக உலர்ந்தது. மெதுவாக வெளுத்தது.

"கூசுதுப்பா," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஈரம் வை."

மின்சாரம் போனது.

தெரு முழுவதும் போயிருக்க வேண்டும். ஜன்னலில் மழையின் சத்தம் மட்டும் இருந்தது. அவன் துண்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நேரம் ஆகிவிட்டது. இப்போது கேட்கும். பின்பால்கனிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டான். அங்கே எதுவும் இல்லை.

மூச்சு இழுக்கும் சத்தம் அவன் பக்கத்திலிருந்து வந்தது. அவன் மகளிடமிருந்து. நீண்டு, நிதானமாக. இழுப்பது மட்டும்.

கதவு தட்டப்பட்டது.

"திறங்க தம்பி. இது வீடா குளமா? படியில கால் வச்சா வழுக்குது." அண்ணி போன் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தபடி உள்ளே வந்தாள். மழைக்கோட்டை நாற்காலியில் போட்டாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எங்க என் தங்கம்?"

"பெரியம்மா," என்றது இருட்டு.

"அடி என் செல்லமே. வா, டிரஸ் மாத்திட்டுக் கிளம்பலாம். உங்கப்பா விட்டா மழைக்காலத்துல கையில்லாத கவுனைப் போட்டுவிடுவாரு."

"மாத்த வேண்டாம் அண்ணி. அப்படியே தூக்கிட்டுப் போங்க."

"இந்தக் கவுனோடயா கூட்டிட்டுப் போக? அஞ்சு நிமிஷம் பொறுங்க. வண்டிய வாசல்லயே லைட்டு மினுக்க விட்டுட்டு வந்திருக்கேன்."

இருவரும் படுக்கையறைக்குப் போனார்கள். அவன் கிளை நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டான். அடியோடு அறுத்துவிடலாம். இப்போதே. ஏன் இத்தனை நாள் செய்யவில்லை?

பின்பால்கனியில் போன் வெளிச்சத்தில் செடி முன்பைவிடச் சிறுத்துத் தெரிந்தது. காலையில் பச்சையாக இருந்த இலைகளும் காகிதமாகிவிட்டன. குழியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் இறங்கியது.

தொட்டியைச் சாய்த்தான். அடித்துளை வழியாக ஏதோ வெளியே வந்து, சுவரோரம் போயிற்று. பென்சில் தடிமன். வெளிர்ப் பச்சை.

ஓடுதண்டு. சில வகைகள் கன்றைக் காலடியில் விடாது. தண்டை நீளமாக ஓடவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துத் தூரத்தில் விடும். இது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும்.

தொட்டியைச் சுற்றித்தான் தேடினான். தொட்டியைச் சுற்றி மட்டும்.

தண்டு கதவிடுக்கில் நுழைந்தது. அவன் மண்டியிட்டுப் பின்தொடர்ந்தான். செருப்பு அலமாரிக்குப் பின்னால். கூடத்துச் சுவரோரம், ஒயரோடு ஒயராக. எத்தனை முறை இதன் மேல் துடைப்பம் போயிருக்கும். தொட்டான். வெதுவெதுப்பு. உள்ளே ஏதோ ஓடியது. தொண்டையில் வாய்த்தண்ணீர் இறங்குவதைப் போல. நிற்கும். மறுபடி இறங்கும்.

படுக்கையறை வாசல்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்துவிட்டு, சிட்டுவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். தண்டு கட்டில் காலில் சுற்றி ஏறியது. விரிப்புக்குள் போனது. சிட்டுவின் முதுகுப் பக்கம் விரிப்பு மேடாக இருந்தது.

மேடு இறங்கும். மறுபடி எழும்.

"என்ன தம்பி, கையில கத்தி?"

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க."

"வெட்டாதப்பா," என்றாள் சிட்டு. அழவில்லை. பல் தேய்க்கும்போது ஒரு நிமிஷம் கேட்பது போலக் கேட்டாள். "அம்மா இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்."

அண்ணியின் சீப்பு நின்றது. "பாவம். இன்னும் அம்மா நினைப்புதான்," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. போன் வெளிச்சம் மறுபக்கம் விழுந்திருந்தது.

அவன் கட்டிலடியில் கத்தியைத் தண்டின் மேல் வைத்தான். ஒரு அழுத்தம் போதும்.

மூன்றில் ஒரு பங்கு வளர்ந்திருக்க வேண்டும்.

எதில் மூன்றில் ஒரு பங்கு? அவள் எவ்வளவு? எவ்வளவு வளர்ந்திருக்கிறாள்? அவசரப்பட்டு அறுத்து அவன் கையாலேயே அழுகிப்போன கன்றுகள் எத்தனை. மறுநாள் காலை கறுத்து, கூழாகி.

கத்திக்கு அடியில் தண்டு துடித்தது. உள்ளே ஒரு மடக்கு இறங்கியது. நின்றது. இறங்கியது.

அறுக்க முடியவில்லை.

பின்பால்கனியில் தொட்டி சாய்ந்து உடைந்தது. கத்தியின் அடியிலேயே தண்டு குளிர்ந்தது. சுருங்கியது. உமியைப் போல நொறுங்கி, கட்டில் காலிலிருந்து தானாக உதிர்ந்தது. ஒரு கணம் அறை முழுவதும் அவளுடைய கடைசி மாதங்களின் மருந்து வாசனை. பிறகு அதுவும் இல்லை.

அவள் இரண்டாம் முறை போனபோதும் அவன் பக்கத்தில்தான் இருந்தான். சும்மாதான் இருந்தான்.

"தூக்கு பெரியம்மா," என்று சிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அண்ணி தூக்கிக்கொண்டாள். "அம்மாடி. பார்த்தா குண்டா இருக்கே, கனமே இல்லையே. பெட்டிய எடுங்க தம்பி."

அவன் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினான். பிரிந்துவிட்டது. தாய் முடிந்துவிட்டது. இனி இவள் வெறும் பெண் குழந்தைதான். ஒவ்வொரு படியிலும் அதையே சொல்லிக்கொண்டான். டாக்டரிடம் காட்டலாம். தோல் டாக்டர். பச்சையெல்லாம் போய்விடும். வெளியே போனால் போதும்.

வாசலில் வண்டியின் மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அவன் குடையை விரித்து இருவருக்கும் மேலாகப் பிடித்தான். சிட்டுவின் முகம் அண்ணியின் தோளில் இருந்தது. கைகள் அண்ணியின் பின்கழுத்தைச் சுற்றியிருந்தன.

விளக்கு எரிந்தது. விரல்கள்.

அணைந்தது.

எரிந்தது. விரல் நுனிகளிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாக. கழுத்து மடிப்புக்குள். கூந்தலின் அடிக்குள்.

"அண்ணி. அவளைக் கீழே இறக்குங்க."

"தூங்கட்டும் தம்பி." குரல் இழுத்தது. காருக்கு நாலடி இருந்தது. அண்ணி நின்றுவிட்டாள்.

அவன் பெட்டியைப் போட்டான். மகளின் ஒரு விரலைப் பிடித்து மெல்ல இழுத்தான். விரலோடு அண்ணியின் தோலும் கூடாரம் போல எழுந்தது. வேருக்கு வலிக்கக் கூடாது என்று, பழக்கத்தில், உடனே விட்டான்.

"வலிக்கலையா அண்ணி?"

"இல்லையே. சுகமா இருக்கு."

அவள் கால்கள் சேர்ந்து நின்றன. கண்கள் பாதி மூடியிருந்தன. அடிமரத்தைத் தொடுவது போல அவன் அவளுடைய முழங்கையைத் தொட்டான். அசையவில்லை. பிய்த்தால் அண்ணி பிழைப்பாள். பிய்த்தால் மகள் பிழைக்க மாட்டாள். அது அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்தது. அதைத்தான் அவன் படித்திருந்தான்.

தோளிலிருந்து முகம் திரும்பியது. சிட்டுவின் கண். அவளுடைய மூக்கு. அவன் பெண்தான்.

"அப்பா, குடையை எடு."

"நனைஞ்சிடுவே சிட்டு."

"தாகமா இருக்குப்பா."

அவன் கை கொஞ்ச நேரம் உயரத்திலேயே இருந்தது. பிறகு குடையை மடக்கினான்.

மழை இருவர் மேலும் கொட்டியது. அண்ணி கண் திறக்கவில்லை. சிட்டு தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள். தாடை நெஞ்சு வரை இறங்கியது. கன்னத்தின் வெள்ளை தெளிந்து, பச்சையாகி, கழுத்து வழியாக உடம்பெல்லாம் இறங்கியது. வாய்க்குள் தண்ணீர் ஏறியது. நாக்கு மூழ்கியது. பால்பற்கள் மூழ்கின. உதடு வரை வந்து, ததும்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. அவள் விழுங்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும், அந்தத் தண்ணீருக்கு அடியில், தொண்டையின் ஓரத்தில், மிகச் சிறியதாக ஒன்று வாலை அசைத்து இடம் மாறி உட்கார்ந்தது.